பிராங்க் மில்லரின் எதிர்நாயகர்கள்: ஒரே வார்ப்பா?

பாத்திரப் படைப்பே கதையிலக்கியத்தின் உயிர்நாடி என்பர். ஓர் ஆசிரியர் படைத்த மாந்தர் ஒருவரைப்போல் மற்றொருவர் இராமல், தத்தமக்கெனத் தனித்த பேச்சும் போக்கும் உடையவராய் இருத்தல் வேண்டும் என்று வகுப்பறையில் நாளும் கூறி வருகிறோம். அங்ஙனம் இல்லாதபோது, 'எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை' என்று ஒற்றை வரியில் தீர்ப்பெழுதி நூலை மூடிவிடுகிறோம். அத்தீர்ப்பு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு அமெரிக்கச் சித்திரக்கதை ஆசிரியர் பிராங்க் மில்லர். அவருடைய கதைத்தலைவர்கள் கரடுமுரடானவர்கள், சட்டத்தை மதியாதவர்கள், அடிபட்டும் அடித்தும் வாழ்பவர்கள். அவர்கள் அனைவரும் ஒருவரே என்னும் குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அக்குறை மெய்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் சித்திரக்கதைக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. பள்ளிப் பாடநூலுக்கு வெளியே தமிழில் படிக்கும் பழக்கத்தைப் பலருக்கு ஊட்டியவை அவ்விதழ்களே என்பதை நம் மாணவர்களின் தந்தையரைக் கேட்டால் அறியலாம். படிப்பவர் இருக்குமிடத்தில் திறனாய்வும் இருத்தல் தகும். அன்றியும், மில்லரின் ஒரு நூல் நம் சமுதாயத்தை நேரடியாகக் குறிவைத்து எழுதப்பட்டது. அதனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்னும் கேள்வியும் இவ்வாய்விற்குள் அடங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் முன்னரே சொல்லி வைப்போம். மில்லரின் நூல்கள் பலவும் வளர்ந்தோர்க்கு உரியன; சிறுவர் கையில் கொடுக்கத் தக்கன அல்ல.

எதிர்நாயகன் யார்?

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் விதிக்கிறது. எதிர்நாயகன் அவ்விதிக்கு அடங்காதவன். இச்சொல்லைக் கேட்டவுடன் மாணவர் பலர் 'வில்லன்' என்று பொருள் கொள்கின்றனர். அது பொருந்தாது. எதிர்நாயகன் நாயகனுக்குப் பகைவன் அல்லன். நாயகனின் இடத்திலேயே நிற்பவன். கதை அவன் கண்வழியேதான் நடக்கும். நம் பரிவும் அவனுக்கே உரியதாகும். ஆனால் நாயகனுக்குரிய நற்பண்புகள் அவனிடம் நிரம்பியிரா. வன்முறை அவனுக்குக் கைவந்த மொழி. நன்மையைச் செய்வான், நல்வழியில் செய்யமாட்டான்.

தமிழ் வாசகர்க்கு இவன் புதியவன் அல்லன். நம் இளைஞர் ஒரு தலைமுறைக் காலம் போற்றிய இரும்புக்கை மாயாவி 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தபோது, ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும் ஆற்றல் பெற்றுக் குற்றங்களில் இறங்கிய லூயி கிராண்டேல் என்னும் மனிதனே ஆவான். துப்பறியும் நல்லவனாக அவன் மாறியது பின்னரே. ஆங்கிலேயச் சித்திரக்கதையில் இஃது இயன்றது. அமெரிக்காவில் எளிதில் இயலவில்லை. உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் 1954இல் எழுதிய நூல் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று முழங்கியது. அதே ஆண்டு பதிப்பாளர்கள் தாமாகவே ஒரு தணிக்கை விதித்தொகுதியை ஏற்றனர். குற்றவாளியின்மீது பரிவு தோன்றலாகாது; காவலர், நீதிபதி முதலானோர்க்கு மதிப்புக் குறையலாகாது; எக்கதையிலும் நன்மையே வெல்லுதல் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. 1971இல் விதிகள் தளர்த்தப்பட்டன. அத்தளர்வின் பின்னர்த் தொழிலுக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் மில்லர்.

மில்லரின் மாந்தர்

1957இல் பிறந்த மில்லர், வெர்மாண்ட் மாநிலத்தில் வளர்ந்து, நியூயார்க் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். 1979இல் மார்வெல் நிறுவனத்தின் 'டேர்டெவில்' இதழுக்குப் படம் வரையத் தொடங்கி, 1981 முதல் கதையையும் தாமே எழுதினார். பகலில் வழக்கறிஞனாகவும் இரவில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை அடிப்பவனாகவும் வாழும் பார்வையற்றவனே டேர்டெவில். சட்டத்தைக் காப்பவனும் அதை மீறுபவனும் ஒருவனே என்னும் முரணை மில்லர் அவனிடத்தில் கண்டெடுத்தார். பின்னர் வந்தவை அனைத்தும் அம்முரணின் விரிவே எனலாம்.

1986இல் டி.சி. நிறுவனம் வெளியிட்ட 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நான்கு பகுதிகளில் பேட்மேனை முதியவனாகக் காட்டியது. ஐம்பத்தைந்து வயது, பத்தாண்டுகளாக முகமூடியைக் கழற்றிவைத்த ஓய்வு, குடி, உறக்கமின்மை. நகரம் சீரழியக் கண்டு மீண்டும் புறப்படுகிறான். மறு ஆண்டு டேவிட் மாசுக்கெல்லியின் ஓவியத்தோடு வந்த 'பேட்மேன்: இயர் ஒன்' அதே மனிதனின் முதலாம் ஆண்டைக் கூறியது. 1991 முதல் டார்க் ஹார்ஸ் நிறுவனத்தின் வழியே 'சின் சிட்டி' வரிசை வெளிவந்தது. கருப்பும் வெள்ளையுமன்றிச் சாம்பல்நிறச் சாயல்கூட இல்லாத அவ்வோவியங்களில் மார்வ், டுவைட், ஹார்டிகன் என மூவர் வெவ்வேறு கதைகளுக்குத் தலைவராயினர். மார்வ் சிறையிலிருந்து நன்னடத்தை உறுதியின்பேரில் வெளிவந்த முரடன். தன்மீது ஓர் இரவு அன்பு காட்டிய பெண் கொலையுண்டதற்குப் பழிவாங்கப் புறப்படுகிறான். ஹார்டிகன் ஓய்வுபெற ஒரு நாளே எஞ்சியுள்ள, இதயநோய் கொண்ட காவலன். பதினொரு வயதுச் சிறுமியைக் கயவனிடமிருந்து மீட்கிறான். 1998இல் வந்த '300' கி.மு. 480இல் தெர்மோபிலைக் கணவாயில் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து நின்று மடிந்த ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸின் கதை.

ஒத்திருப்பவை யாவை?

மேற்கண்டோரை அருகருகே நிறுத்தினால் ஒப்புமை பளிச்செனத் தெரிகிறது. எல்லோரும் தனியர். எல்லோர் உடலும் புண்பட்ட உடல். அவர்கள் வாழும் நகரத்தில் காவல்துறையும் ஆட்சியும் அழுகிக் கிடக்கின்றன. 'சின் சிட்டி'யில் ரோர்க் குடும்பத்தில் ஒருவர் செனட்டர், மற்றொருவர் கார்டினல். இருவரும் கொடியவர்க்கு அரணாக நிற்கின்றனர். பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கோ சிறுமிக்கோ பட்ட கடனை உடலால் அடைக்கிறார்கள். முடிவில் சாகிறார்கள், அல்லது செத்தவர்போல் ஆகிறார்கள். மார்வ் மின்நாற்காலியில் மாய்கிறான். ஹார்டிகன் அச்சிறுமியின் பாதுகாப்பிற்காகத் தன்னையே சுட்டுக்கொள்கிறான். லியோனிடாஸ் அம்புமழையில் விழுகிறான். முதிய பேட்மேன் தன் சாவை நடித்து நிலத்தடியில் மறைகிறான்.

எனினும் இவற்றினும் ஆழமான ஒற்றுமை ஒன்றுண்டு. அது நிகழ்ச்சியில் இல்லை, குரலில் இருக்கிறது. சித்திரக்கதையில் பேச்சு வட்டத்திற்குள்ளும், எண்ணமும் விவரிப்பும் கட்டத்திற்குள்ளும் எழுதப்படுதல் வழக்கம். மில்லர் அக்கட்டங்களில் தலைவனின் உள்ளக்குரலைத் தன்மையிலேயே ஓடவிடுகிறார். வாக்கியங்கள் மூன்று நான்கு சொல்லில் முடிகின்றன. சொன்னதையே மீளச் சொல்லுதல், தன்னைத் தானே எள்ளுதல், வலியைக் கணக்கெடுத்தல் ஆகியவை அக்குரலின் இயல்புகள். மார்வின் கட்டங்களை எடுத்து ஹார்டிகன் படத்தின்மேல் ஒட்டினால் பல இடங்களில் வேறுபாடு தெரியாது. 'ஒரே மாதிரி' என்று வாசகர் சொல்லும்போது அவர் காதில் விழுவது இக்குரலே என்பது எம் கருத்து.

இக்குரல் மில்லரின் தனிக்கண்டுபிடிப்பும் அன்று. ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் 'தி பிக் ஸ்லீப்' நாவலிலும், மிக்கி ஸ்பில்லேன் 1947இல் 'ஐ, தி ஜூரி' நாவலிலும் வளர்த்த துப்பறிவாளர் நடை அது. சாண்ட்லரின் மார்லோ பிறர்க்கு இரங்குபவன்; ஸ்பில்லேனின் மைக் ஹாம்மர் தானே நீதிபதியாகிக் கொல்பவன். மில்லரிடத்தில் இருவரும் உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல ஹாம்மரின் கை ஓங்குகிறது. ஜப்பானியச் சித்திரக்கதையின் கொடையும் மில்லரிடம் உண்டு. கசுவோ கொய்கே எழுத கோசெகி கொஜிமா வரைந்த 'லோன் உல்ஃப் அண்ட் கப்' 1987இல் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியபோது அதற்கு அட்டைப்படம் வரைந்தவர் மில்லரே. தலைவனற்ற சாமுராய், கைவிடப்பட்ட காவலன், ஓய்வுற்ற முகமூடி வீரன் ஆகிய மூவரும் உறவினர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

ஒப்புமை குற்றமாகுமா?

இங்கு நம் மரபை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அகத்திணைத் தலைவனுக்குப் பெயரில்லை. அவனைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நிலத்திற்கேற்ப வெற்பன், சேர்ப்பன், ஊரன் என்று அழைக்கப்படுவான். குறுந்தொகை நானூறு பாடல்களிலும் அவன் ஏறத்தாழ ஒருவனே. ஆயினும் அப்பாடல்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று எந்த மாணவரும் எம்மிடம் குறைபட்டதில்லை. ஏன்? அவனைப் பற்றிப் பேசுவோர் பலர். தலைவி ஏங்கிப் பேசுகிறாள்; தோழி இடித்துரைக்கிறாள்; செவிலி அஞ்சுகிறாள்; பரத்தை எள்ளுகிறாள். அவன் ஒருவனாயினும் அவனை எதிர்கொள்ளும் உள்ளங்கள் பல. தோழி வாயில் மறுக்கும்போது தலைவனின் பெருமை சற்றே ஆட்டம் காண்கிறது. அந்த ஆட்டமே பாட்டுக்கு உயிர் தருகிறது.

ஆதலின் வார்ப்பு ஒன்றாயிருத்தல் தன்னளவில் குற்றமன்று. அவ்வார்ப்பினை எதிர்த்து நிற்கும் குரல் நூலுக்குள் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தலைவனை நோக்கி 'நீ செய்வது சரியா?' என்று கேட்கும் ஒருவரேனும் உண்டா? அக்கேள்விக்கு அவன் விடை சொல்லத் திணறுகிறானா? இவ்வளவுகோலைக் கொண்டு மில்லரைப் படித்தால், 'எல்லாம் ஒன்றே' என்ற தீர்ப்பு சிதறிப்போகிறது. அவருடைய நூல்களுள் சில மேலே நிற்கின்றன, சில வீழ்கின்றன.

'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நூலைக் காண்போம். அதன் பக்கங்கள் பலவும் பதினாறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மை தொலைக்காட்சித் திரையின் வடிவில் அமைந்தவை. செய்தி வாசிப்போர், தெருவில் போவோர், அரசியலார், உளமருத்துவர் எனப் பலரும் அத்திரையில் வந்து பேட்மேனைப் பற்றி வாதிடுகின்றனர். இவனே குற்றவாளிகளை உண்டாக்குகிறான் என்று வாதிடும் உளமருத்துவர் ஒருவர் உண்டு. மில்லர் அவரை நகைப்புக்குரியவராகவே வரைந்திருக்கிறார். ஆயினும் அவர் சொல் முழுப்பொய் என்று நூல் நம்மை நம்பவிடவில்லை. பேட்மேன் திரும்பிய பின்னரே ஜோக்கரும் நீண்ட மௌனத்திலிருந்து விழித்தெழுகிறான் அல்லவா? அவனைக் கொல்லும் வாய்ப்புக் கிட்டியபோது பேட்மேனின் கை நடுங்கி நின்றுவிடுகிறது. ஜோக்கர் தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டு பழியைப் பேட்மேன்மீது சுமத்துகிறான். இனி, பதின்மூன்று வயதுச் சிறுமி கேரி கெல்லி 'ராபின்' ஆகிறாள். அவள் அம்முதியவனை அஞ்சுகிறாள், நேசிக்கிறாள், சிற்சில வேளைகளில் அவனைக் காப்பாற்றுகிறாள். அவன் உடலே அவனுக்கு எதிர்ப்பேச்சாக அமைகிறது. இளமையில் தாவியது போல் தாவ முயன்று மூச்சிரைக்கிறான்.

'இயர் ஒன்' இன்னும் செம்மையானது. அதனை மில்லரின் தலைசிறந்த ஆக்கமாக நாம் கருதுகிறோம். அங்கே உள்ளக்குரல்கள் இரண்டு. ஒன்று புரூஸ் வெயினுடையது. மற்றொன்று காவல் அதிகாரி ஜிம் கார்டனுடையது. ஜனவரி 4 எனத் தொடங்கி, நாட்குறிப்புப் போலத் தேதியிட்டு இரண்டும் மாறிமாறி வருகின்றன. எழுத்தின் வடிவம்கூட இருவர்க்கும் வேறு. ஊழல் மலிந்த துறையில் கையூட்டு வாங்காதவன் கார்டன். சக காவலரால் அடிக்கப்படுகிறான். அவனே கருவுற்ற மனைவியிருக்க உடன் பணிபுரியும் பெண்ணிடம் மனம் தடுமாறுகிறான். பின்னர் மனைவியிடம் அதனைத் தானே ஒப்புக்கொள்கிறான். முகமூடி அணியாத இம்மனிதனின் தடுமாற்றத்தின் முன்னர்ப் பேட்மேனின் கூரைத்தாவல்கள் சற்றே எளியவையாகத் தோன்றுகின்றன. ஒருவனை மற்றொருவன் அளக்கிறான்.

1986இல் டேர்டெவிலுக்கு மீண்டு மில்லர் எழுதிய 'பார்ன் அகெய்ன்' பகுதியிலும் இத்தகைய ஓர் இடம் வருகிறது. தலைவனின் முன்னாள் காதலி கேரன் பேஜ், போதைமருந்துக்காக அவனது மறைபெயரை விற்றுவிடுகிறாள். அதனால் அவன் வீடு, தொழில், நற்பெயர், அறிவமைதி அனைத்தும் அழிகின்றன. மைக் ஹாம்மராயின் அவளைச் சுட்டிருப்பான். டேர்டெவில் அவளை மன்னித்து அணைத்துக்கொள்கிறான். மன்னிப்பு என்னும் செயல் மில்லரின் கரடுமுரடான உலகில் அரிது. அதனாலேயே அப்பக்கம் மறவாமல் நிற்கிறது.

மார்வ்கூடத் தன் குரலுக்குள்ளேயே ஒரு மறுப்பைச் சுமந்து திரிகிறான். மருந்தை மறந்துவிடுவதையும், தான் காண்பது மெய்யா மயக்கமா என்று தெரியாமல் போவதையும் அவன் அறிவான். தவறான ஆளைக் கொன்றுவிடுவோமோ என்னும் அச்சம் அவனுக்குண்டு. கொடியவனாயினும் ஐயம் உடையவன். வாசகர் அவன்பால் இரங்குவது அவன் தோள்வலிமைக்காக அன்று; இவ்வையத்திற்காகவே.

எதிர்க்குரல் மறைந்தபோது

'300' முதலாக இவ்வையம் தேயத் தொடங்குகிறது. லியோனிடாஸுக்கு உட்போராட்டம் இல்லை. விழைவும் வினையும் அவனிடம் ஒன்றே. விடுதலையைக் காக்கப் போர் என்று அவன் முழங்குகிறான். ஆனால் ஸ்பார்ட்டாவின் வாழ்வே எலாட் எனப்படும் அடிமைக் குடியினரின் உழைப்பில் நின்றது என்னும் வரலாற்று உண்மைக்கு நூலில் இடமில்லை. முந்நூற்றுவரோடு தெஸ்பியா நகரத்தார் எழுநூற்றுவரும் இறுதிவரை நின்றதாக எரடோட்டஸ் எழுதியதும் மங்கிப்போகிறது. எதிரே வரும் பாரசீகர் மனிதராக வரையப்படவில்லை. திரளாக, நிழலாக, விந்தை உருவங்களாக வருகின்றனர். இந்நூல் 2007இல் திரைப்படமாக வெளிவந்தபோது ஈரான் அரசு கண்டனம் தெரிவித்தது. லின் வார்லியின் வண்ணமும் மில்லரின் விரிந்த பக்க அமைப்பும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. அழகிய நூல்தான். ஆனால் அதில் 'நீ செய்வது சரியா?' என்று கேட்போர் கோழைகளாகவோ கைக்கூலிகளாகவோதான் இருக்கின்றனர்.

2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கில் நிகழ்ந்த கொடுமை அந்நகரில் வாழ்ந்த மில்லரின் உள்ளத்தை உலுக்கியது. மூவாயிரம்பேர் அளவில் உயிரிழந்த அப்படுகொலையை எந்த நெஞ்சும் நியாயப்படுத்த இயலாது. மாண்டோருள் முஸ்லிம்களும் இருந்தனர். 2006இல் மில்லர், பேட்மேன் அல்-கைதாவை எதிர்த்துப் போரிடும் நூல் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். பின்னர் அது பேட்மேன் கதையாக வரப்போவதில்லை என்றாயிற்று. 2011 செப்டம்பரில் 'ஹோலி டெரர்' என்னும் பெயரில் லெஜெண்டரி நிறுவனம் அதனை வெளியிட்டது. பேட்மேன் 'தி ஃபிக்சர்' ஆனான். கோதம் நகரம் 'எம்பயர் சிட்டி' ஆயிற்று. பூனைப்பெண்ணின் இடத்தில் நாட்டலி ஸ்டாக் என்னும் திருடி வந்தாள்.

நம் ஆய்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேறு கிட்டாது. பெயரை மாற்றினார், கதை நின்றது. முகமூடியின் காதுகளை நீக்கினார், அவனே இவனானான். 'இயர் ஒன்' நூலில் இவ்வாறு பெயர் மாற்றிப் பார்க்க முடியுமா? கார்டனையும் அவன் மனைவியையும் அத்துறையின் ஊழலையும் கழற்றிவிட்டு வேறொருவனை அங்கே நிறுத்த இயலாது, நூல் சரிந்துவிடும். ஃபிக்சரைச் சுற்றி அவனைப் பிடித்து நிறுத்தும் எதுவும் இல்லை. அவன் இத்தகைய போருக்காகவே வாழ்நாளெல்லாம் காத்திருந்தவன். பிடிபட்டவனைச் சித்திரவதை செய்கிறான். அது சரியா என்று கேட்கத் தொலைக்காட்சித் திரையும் இல்லை, கார்டனும் இல்லை, கேரி கெல்லியும் இல்லை. பகைவரின் பாசறை ஒரு பள்ளிவாசலுக்கு அடியில் இருக்கிறது. அப்பள்ளிவாசலில் தொழ வந்தவர் எவரேனும் ஒருவர், அஞ்சியோ வெறுத்தோ அவர்களைவிட்டு விலகும் ஒருவர், கதையில் இல்லை. வெடிகுண்டைச் சுமந்துவரும் இளம்பெண்ணுக்குச் சில பக்கங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவள் எதனால் அவ்வழி வந்தாள் என்று அறியும் ஆர்வம் நூலாசிரியரிடம் இல்லை.

இந்நூலைக் கேள்வியுற்ற நம் மாணவர்க்குச் சினம் எழுவது இயல்பே. அச்சினத்தை யாம் குறைகூறோம். ஆயினும் புண்பட்டமையை மட்டும் காட்டி ஒரு நூலைத் தள்ளினால், 'உங்கள் மனம் புண்பட்டது, அவ்வளவுதானே?' என்று பிறர் எளிதில் கடந்து செல்வர். 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நூலை எந்த அளவுகோலால் உயர்த்தினோமோ அதே அளவுகோலால் 'ஹோலி டெரர்' நூலைத் தாழ்த்திக் காட்டும்போது அவ்விடை எவர்க்கும் செல்லுபடியாகாது. பகைவனைத் தாழ்த்தி வரைந்ததால் மட்டும் அது வீழவில்லை. தன் தலைவனையே வெறுங்கூடாக்கிவிட்டதால் வீழ்ந்தது. நூல் வெளிவந்தபோது அமெரிக்கத் திறனாய்வாளர் பலரும் அதனைக் கடுமையாகவே மதிப்பிட்டனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. 2018இல் அளித்த நேர்காணல் ஒன்றில் மில்லர், தம் வாழ்க்கையின் எப்பகுதியையும் அழித்தெழுத விரும்பவில்லை என்றும், இனி அத்தகைய நூலை எழுதும் நிலையில் தாம் இல்லை என்றும் கூறினார். அதனை வருத்தமென்றும் கொள்ளலாம், முதிர்ச்சியென்றும் கொள்ளலாம். எப்படியாயினும் நூல் நூலாகவே நிற்கிறது.

ஒரு புறநடை

இவ்வளவும் சொன்னபின், மில்லரால் இவ்வார்ப்பைவிட்டு வெளியேற இயலுமா என்று ஐயுறுவோர்க்கு மார்த்தா வாஷிங்டனை அறிமுகப்படுத்த வேண்டும். 1990இல் தொடங்கிய 'கிவ் மீ லிபர்ட்டி' கதைவரிசையின் தலைவி அவள். எழுதியவர் மில்லர், வரைந்தவர் இங்கிலாந்தின் டேவ் கிப்பன்ஸ். சிகாகோ நகரின் காப்ரினி கிரீன் என்னும் ஏழைக் குடியிருப்பில், சிறைபோல் அடைக்கப்பட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவள் மார்த்தா. பின்னர்ப் படையில் சேர்கிறாள். அவளும் அடிபடுகிறாள், அவளும் கொல்கிறாள், அவள் நாடும் அழுகிய நாடுதான். ஆனால் அவள் மார்வ் அல்லள். அவளுக்குத் தாயுண்டு, கல்வி கற்பித்த ஆசிரியர் உண்டு, தோழமை உண்டு. கணினியறிவில் சிறந்தவள் என்பதால் சிக்கல்களைக் கைவலியினும் மதியால் அவிழ்க்கிறாள். கிப்பன்ஸின் தெளிந்த கோடுகள் முகங்களை நிழலில் மறைக்காமல் காட்டுவதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். மில்லர் தாமே வரையும்போது இருளை விரும்புகிறார். மாசுக்கெல்லியோ கிப்பன்ஸோ வரையும்போது அவ்விருளில் பிறர் முகங்கள் தோன்றுகின்றன. அவருடைய மாந்தர் ஒத்திருப்பதற்கு எழுத்தைப்போல் தூரிகையும் ஒரு பொறுப்பாளி என்பதை ஆய்வு மாணவர் எவரேனும் விரிவாக எடுத்துக்கொள்ளலாம்.

மார்த்தாவின் கடைசிக் கதை 2007இல், அதாவது 'ஹோலி டெரர்' அறிவிக்கப்பட்டதற்கு மறு ஆண்டே, வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட சிறுநூல் அது. அதில் அவளுக்கு வயது நூறு. மின்நாற்காலியும் இல்லை, அம்புமழையும் இல்லை, தன் கைத்துப்பாக்கியும் இல்லை. தன்னைச் சூழ்ந்திருப்போரிடம் பேசிவிட்டு, முதுமையால் இறக்கிறாள்.